டிரங்குப் பெட்டிப் பத்திரம்

ஹாஸ்டலில் செமஸ்டர் ஃபீஸ் பேச்சு வந்தாலே யாராவது ஒருத்தி, "எனக்கும் அந்தப் பெண் குழந்தைப் பத்திரம் இருக்குடி, எங்கேன்னுதான் தெரியல" என்பாள். போன வருஷம் மட்டும் மூணு பேர். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம், 1992ல் வந்தது. ஆண் குழந்தை இல்லாத ஏழை வீட்டில், ஒன்று அல்லது இரண்டு பெண்கள் என்றால் அரசு அவர்கள் பெயரில் டெபாசிட் போடும். இப்போது ஒரே பெண்ணுக்கு 50,000 ரூபாய். இருவர் என்றால் ஆளுக்கு 25,000. 2011ல் உயர்த்துவதற்கு முன் சேர்ந்தவர்களுக்கு 22,200, 15,200. பணம் வங்கியில் இல்லை, அரசின் பவர் ஃபைனான்ஸ் நிறுவனத்தில் இருக்கிறது. அதனால் ரிசர்வ் வங்கியின் உத்கம் தளத்தில் தேடிப் பிரயோஜனம் இல்லை. பத்தாவது பொதுத்தேர்வு எழுதி, 18 வயதும் முடிந்தால் வட்டியோடு கிடைக்கும். ஆனால் தானா அக்கவுன்ட்ல ஏறாது. நாமதான் போய்க் கேட்கணும்.

எங்கள் வீடு குன்னம் பக்கம். பத்திரங்கள் அம்மாவின் டிரங்குப் பெட்டியில், நகைக்கடை ரசீதுகளுக்கு நடுவில் கிடந்தன. அக்காவுக்கு 21. கல்யாணமாகி அரியலூர் போய்விட்டாள். "மூணு வருஷம் தாண்டிடுச்சு, இனிமே எங்க தரப்போறாங்க"ன்னு விட்டுட்டா. தருவார்கள். வேப்பூர் ஒன்றிய அலுவலகத்தில் சமூக நல விரிவாக்க அலுவலரைப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் பெரம்பலூர் கலெக்டர் ஆபீசில் மாவட்ட சமூக நல அலுவலகம். அசல் பத்திரம், பத்தாவது மார்க் ஷீட், ஆதார், போட்டோ, உங்கள் பெயரிலேயே பாஸ்புக். அம்மா பாஸ்புக் வேண்டாம்.

அக்கா பெயரில் பத்திரத்தில் ஒரு 'எச்' கூடுதல். அந்த ஒரு எழுத்துக்காக, இருவரும் ஒருவரே என்று சான்று வாங்க இன்னும் இரண்டு நடை.

பத்திரத்தோடு சேர்த்து மடித்திருந்த இன்னொரு காகிதத்தை அன்றுதான் பார்த்தேன். அம்மாவின் குடும்பக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ். அது இருந்தால்தான் திட்டத்தில் சேர முடியும். "பையன் பொறக்காமலே ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன்னு உங்க அப்பாயி ஒரு வருஷம் என்கூடப் பேசல" என்றார் அம்மா, சாதாரணமாக. அதற்குப் பிறகு அக்காவுக்கு நான் தினமும் போன் போட்டேன்.

பணம் ஏறிய மெசேஜ் வந்தபோது அம்மா மக்காச்சோளம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "வட்டி எவ்ளோ போட்டிருக்கான்?"னு மட்டும் கேட்டாங்க.