மெரினாவுக்கு வர்றீங்களா?

ஊர்லேர்ந்து யார் வந்தாலும் முதல் கேள்வி, "மெரினாவுல சூரிய அஸ்தமனம் பாக்கலாமா?" அய்யா சாமி, இது கிழக்குக் கடற்கரை, கடல்ல உதயம்தான் தெரியும். காலைல அஞ்சரைக்கே வந்துடுங்க. பத்து மணிக்கு மேல மணல் காலைப் பொசுக்கும். அப்போ ஐஸ் ஹவுஸ் பக்கம் ஒதுங்கிக்கலாம். 1842-ல, அமெரிக்காவுலேர்ந்து கப்பல்ல வந்த ஐஸ்கட்டியை வைக்கக் கட்டினது (நம்ம வெயில் அப்படி!). இப்போ விவேகானந்தர் இல்லம்.

தண்ணியில மட்டும் இறங்காதீங்க. 2023 மே மாசம், அக்கா பையன் முட்டியளவு தண்ணியிலதான் நின்னான். அலை திரும்பறப்போ காலடி மணலையும் சேர்த்து உருவிடுச்சு. சட்டையைப் பிடிச்சு இழுத்துப் போட்டது சுண்டல்காரர். நீச்சல் தெரிஞ்ச நான் செல்போன்ல படம் எடுத்துட்டு இருந்தேன். அக்கா இன்னும் என்கூட சரியாப் பேசறதில்லை.