செவ்வாய்க்கிழமை கிளினிக்

எங்கட பங்கில் வருசத்துக்கு ஒருக்கால் இறையழைத்தல் ஞாயிறு வரும். பாஸ்கா காலத்தின் நாலாவது ஞாயிறு அது. நல்லாயன் ஞாயிறு என்றும் சொல்லுவினம். 1964இல் திருத்தந்தை ஆறாம் பவுல் தொடக்கிவைத்த நாள். அன்றைக்குப் பூசை முடிய ஒரு சிஸ்டர் முன்னுக்கு வந்து, "உங்களில ஆருக்கு ஆண்டவரின்ர அழைப்புக் கேக்குது?" என்று கேட்பா. பொம்பிளைப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் குனிந்து நிலத்தைப் பார்ப்போம். சிஸ்டரின் கண்ணில் பட்டால் நேரே மடம்தான் என்ற பயம். ஒவ்வொரு வருசமும் நான் தப்பிவிட்டேன். கம்பசுக்கு எடுபட்ட பிறகு, இனி ஆண்டவர் என்னைக் கூப்பிடமாட்டார் என்று கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

போன வருசம் மாரி தொடங்கின நேரம், லைப்ரரியில் இருக்கும்போது போன் அதிர்ந்தது. தெரியாத இலக்கம். எடுக்கவில்லை. மூன்று தடவை விட்டுவிட்டு நாலாவது தடவை வெளியில் போய் எடுத்தேன்.

"பிள்ளை, நான் பெரியம்மா கதைக்கிறன்."

பெரியம்மா வீடு எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீடு. அந்தக் குரல் வேலிக்கு மேலால் தினமும் கேட்கும். ஆனால் அது என்னைப் 'பிள்ளை' என்று கூப்பிட்டது ஏழு வருசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

பெரியப்பாவுக்குப் பாரிசவாதம் அடித்தது எங்களுக்குத் தெரியும். இரவு அம்புலன்ஸ் வந்தபோது நானும் அம்மாவும் விறாந்தையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம், போகவில்லை. இப்ப வலப்பக்கம் ஏலாது, கதையும் குழறுது. செவ்வாய்க்கிழமைகளில் ஆஸ்பத்திரியில் பிசியோ கிளினிக். பெரியம்மாவுக்கு முழங்கால் வருத்தம். பிள்ளைகள் இரண்டு பேரும் கனடாவில்.

"ஓட்டோவில ஏத்தி இறக்கவும், துண்டெடுக்கவும் ஒரு ஆள் வேணும் பிள்ளை. வேற ஆரைக் கேக்கிறதெண்டு தெரியேல்லை."

"லெக்சர் இருக்குப் பெரியம்மா. பாத்துச் சொல்லுறன்" என்றேன்.

வேலிச் சண்டை எங்கட ஊரில் புதினமில்லை. இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது எல்லைக் கதியால்களும் இல்லை, பல வீடுகளில் உறுதியும் இல்லை. அப்பாவும் பெரியப்பாவும் இரண்டு முழ நிலத்துக்காகக் கோட்டுக்குப் போனவர்கள். வழக்கு முடிய முதல் அப்பா முடிந்துபோனார். நான் அப்ப ஓ.எல். எடுக்கிற வருசம். பெட்டி மூட முதல், பெரியப்பா வருவார் என்று ஒரு மணித்தியாலம் பிந்தினோம். வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் கிணற்றில் தண்ணி அள்ளுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் மறக்கவில்லை. மறக்கக்கூடாது என்று வைராக்கியமாகவே வைத்திருந்தேன்.

அதனால் பெரியம்மாவுக்கு நான் சொன்ன காரணம் பொய்க் காரணம். செவ்வாய் லெக்சர் பத்து மணிக்கு. கிளினிக் காலமை ஏழுக்குப் போனால் ஒன்பதரைக்கு முடிந்துவிடும். ஆனாலும் 80 வீத வரவு, அசைன்மென்ட், மழை, ஓட்டோக் காசு என்று எனக்கு நானே காரணங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். எரிகிற முட்செடிக்கு முன்னால் நின்று மோசே ஐந்து தடவை நழுவப் பார்த்தவர். நான் ஆர், உம்முடைய பெயர் என்ன, அவர்கள் நம்பமாட்டார்கள், எனக்குக் கதைக்க வராது என்று எல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் வேறு ஆரையாவது அனுப்பும் என்கிறார். முதல் நாலும் காரணம், ஐந்தாவதுதான் உண்மை என்று எனக்குத் தோன்றும். நானும் அந்த ஐந்தாவதைத்தான் சொல்லாமல் வைத்திருந்தேன்.

அந்தக் கிழமை எனக்கு மறைக்கல்வி வகுப்பும் இருந்தது. நாலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு யோனாவின் கதை. சோக்கட்டியால் மீன் கீறி, வயிற்றுக்குள் ஒரு மனிசனையும் கீறினேன். கிழக்கே நினிவேக்குப் போ என்று ஆண்டவர் சொல்ல, யோனா யோப்பாவில் கப்பல் ஏறி மேற்கே தர்சீசுக்கு ஓடினார் என்று சொன்னபோது ஒரு பெடியன் கையைத் தூக்கினான்.

"ரீச்சர், அவர் ஏன் ஓடினவர்?"

"பயந்திட்டார். நினிவே பெரிய ஊர். தனியப் போகோணும் எல்லோ."

"பயந்தவர் எண்டா, என்னைத் தூக்கிக் கடலில போடுங்கோ எண்டு ஏன் சொன்னவர்?"

என்னிடம் பதில் இல்லை. "அது பிறகு படிப்பம்" என்று சமாளித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து யோனாவை முழுதாக வாசித்தேன். நாலே நாலு அதிகாரம். சின்ன வயதிலிருந்து எங்களுக்குச் சொல்லித் தந்தது மீன் வரைக்கும்தான். நாலாம் அதிகாரத்தை ஆரும் சொன்னதாக நினைவில்லை. நினிவே மக்கள் மனம் திரும்புகிறார்கள், ஆண்டவர் தண்டனையைக் கைவிடுகிறார், யோனாவுக்குக் கோபம் வருகிறது. தான் ஓடின காரணத்தை அங்கேதான் அவர் வாய்விட்டுச் சொல்கிறார். நீர் இரக்கமுள்ளவர், இப்படித்தான் செய்வீர் என்று எனக்கு முதலே தெரியும், அதனால்தான் ஓடினேன் என்கிறார். யோனாவுக்குப் பயமே இல்லை. அந்தச் சனத்துக்கு மன்னிப்புக் கிடைப்பதில்தான் அவருக்கு விருப்பமில்லை. நினிவே அசீரியரின் நகரம். கி.மு. 722இல் வட இஸ்ரயேலை அழித்தவர்கள் அந்த அசீரியர். இதெல்லாம் தெரிந்து வாசிக்கும்போது யோனா ஓடினதில் எனக்குப் பிழை தெரியவில்லை. சரியான மனிசன் என்றுதான் நினைத்தேன்.

பிறகுதான் உறைத்தது. அவரைச் சரியான மனிசன் என்று நினைக்க எனக்கு ஒரு காரணம் இருந்தது. பெரியப்பா சாகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்தக் குழறின கதையோடு, பிடிக்க ஆளில்லாமல், கொஞ்ச நாள் கிடக்கட்டும் என்று நினைத்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. நினிவேக்கு வெளியில் பந்தல் போட்டுக் குந்தியிருந்து, ஊருக்கு என்ன நடக்கப்போகுது என்று யோனா பார்த்துக்கொண்டிருந்ததும், அம்புலன்ஸ் வந்த இரவு நான் விறாந்தையில் நின்றதும் ஒன்றுதான்.

எங்கட கோவிலில் புனித யோசப் வாஸ் அடிகளாரின் படம் ஒன்று இருக்கிறது. கோவாவில் இருந்து 1687இல் பிச்சைக்காரன் மாதிரி யாழ்ப்பாணம் வந்தவர். ஒல்லாந்தருக்கு ஒளித்துச் சில்லாலையில் தங்கினவர். 2015 தையில் திருத்தந்தை பிரான்சிஸ் காலிமுகத்திடலில் வைத்து அவரைப் புனிதராக அறிவித்தபோது எங்கட பங்கில் பட்டாசு கொளுத்தினோம். அவரின் கதையைப் பரீட்சைக்குப் பாடமாக்கினவள் நான். ஆனால் இரண்டு விசயத்தை நான் ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை. போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று சந்தேகப்பட்டு அவரைச் சிறையில் போட்டது கண்டி. 1697இல் அதே கண்டியில் அம்மை நோய் பரவி, சனம் நோயாளிகளை விட்டுவிட்டு ஓடினபோது, ஓடாமல் நின்று புண்ணைக் கழுவி, சோறு ஊட்டி, செத்தவர்களைப் புதைத்தவரும் அவர்தான்.

அம்மாவிடம் சொன்னேன். அடுப்படியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தா. நிமிரவில்லை.

"உன்ர விருப்பம். போ எண்டும் சொல்லமாட்டன், போகாதை எண்டும் சொல்லமாட்டன்."

கொஞ்சம் பொறுத்து, "குடையைக் கொண்டு போ" என்றா.

செவ்வாய் காலமை ஆறேகாலுக்கு, ஏழு வருசத்துக்குப் பிறகு அந்தப் படலையைத் திறந்தேன். பெரியப்பா வெள்ளைச் சேட்டுப் போட்டுக் கதிரையில் இருந்தார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பினார். எனக்கும் அது வசதியாக இருந்தது. ஓட்டோக்காரத் தம்பியும் நானும் சேர்த்துத் தூக்கினோம். நான் நினைத்ததைவிடப் பாரமில்லை. ஆஸ்பத்திரியில் துண்டெடுத்து, கிளினிக் கொப்பியைக் கொடுத்து, வாங்கில் இரண்டு மணித்தியாலம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். ஒரு கதையில்லை. வாயோரம் வடிந்தபோது துடைக்கிறதா விடுகிறதா என்று யோசித்தேன். முன் வாங்கில் இருந்த ஒரு அம்மா, "மகள், அப்பாவுக்குத் துடைச்சு விடுங்கோ" என்றா. அப்பா இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. லேஞ்சியை எடுத்துத் துடைத்தேன். கிட்டப் பார்த்தபோது அந்த நாடியும் காதும் அச்சொட்டாக அப்பாவினுடையதாகவே இருந்தன.

திரும்பி வந்து இறக்கும்போது பெரியப்பா ஏதோ ஒரு சொல் சொன்னார். விளங்கவில்லை. திருப்பியும் சொன்னார். அப்பாவின் பெயர் போலவும் இருந்தது. 'தண்ணி' போலவும் இருந்தது. அது அப்பாவின் பெயர்தான் என்று எழுதினால் இந்தக் கட்டுரை நல்லாக முடியும். ஆனால் நான் தண்ணி கொண்டுவந்து கொடுத்தேன், அவர் குடித்தார். அவ்வளவுதான் நடந்தது.

அதுக்குப் பிறகும் போகிறேன். வழக்கு இன்னும் முடியவில்லை. அம்மா அந்தப் படலையடிக்கு வருவதில்லை. ஆனால் போன கிழமை பிட்டு அவித்தபோது ஒரு பங்கு கூட அவித்து, "காலமை போகேக்க கொண்டு போ, பழுதாப் போடும்" என்று மட்டும் சொன்னா.

எங்கட வயதுப் பிள்ளைகள் கூடினால் இறைசித்தம் பற்றி நிறையக் கதைப்போம். எந்த வேலை, வெளிநாடா ஊரா, ஆரைக் கட்டுகிறது என்று. அதெல்லாம் கேட்கவேண்டிய கேள்விகள்தான். ஆனால் எனக்கு வந்த அழைப்பு அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. அது நான் மூன்று தடவை எடுக்காமல் விட்ட ஒரு போன். போக மனம் வந்த பிறகு போகலாம் என்று இருந்திருந்தால் நான் இன்னும் விறாந்தையில்தான் நின்றிருப்பேன். யோனாவும் முழு மனதோடு நினிவேக்குப் போகவில்லை, முகத்தை நீட்டிக்கொண்டுதான் போனவர். ஆனாலும் போனவர். அந்தப் புத்தகம் ஆண்டவர் யோனாவிடம் கேட்கிற ஒரு கேள்வியோடு முடிகிறது. இவ்வளவு சனத்துக்கும் நான் இரங்கக்கூடாதா என்ற கேள்வி. யோனா என்ன சொன்னார் என்று அதில் எழுதப்படவில்லை.

கையைத் தூக்கின பெடியனுக்கு அடுத்த ஞாயிறு பதில் சொன்னேன். "அவருக்குப் பயமில்லை, கோபம்" என்றேன். "ஆரோட ரீச்சர், நினிவேயோடயா ஆண்டவரோடயா?" என்று கேட்டான். இரண்டு பேரோடயும் என்றேன்.

நாளைக்குச் செவ்வாய். அலாம் ஐந்தரைக்கு வைத்திருக்கிறேன். எழும்ப இன்னும் விருப்பமில்லை.