செஞ்சி மதிலோரமா ஒரு நடை

செஞ்சி பக்கத்து வல்லத்துல விடியக்காலைல போர்வையை விட மனசே வரல.
ஒன்பது மணிக்கு செஞ்சியில சுள்ளுன்னு வெயில். தை மாசமாம்!

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி.
மூணு மலையையும் ஒரே மதில் முக்கோணமா வளைச்சுக் கட்டியிருக்கு. சுமார் 13 கிலோமீட்டர்.

கூட்டமெல்லாம் ராஜகிரிக்குப் போய் செல்ஃபி எடுக்குது. நான் ராணிக்கோட்டைன்னு சொல்ற கிருஷ்ணகிரிப் பக்கம்.
வெயில்பக்கக் கல்லுல கை வெச்சா இதமான சூடு. நிழல்பக்கம் இன்னும் பனி ஈரம்.
பேன்ட் முழுக்க நாயுருவி முள்ளு.

மராட்டிய ராஜா ராஜாராமைப் பிடிக்க மொகலாயப் படை 1690லேர்ந்து 1698 வரைக்கும் இந்தக் கோட்டையோட மல்லுக்கட்டுச்சு.
என் முட்டி கால்வாசி தூரத்துலயே சரணடைஞ்சிருச்சு.

2025ல யுனெஸ்கோ பட்டியல்லயும் சேர்த்தாச்சு. மதிலோரமா ஒரு ஒத்தையடிப்பாதை போட்டா குறைஞ்சா போயிடும்?

முழுச் சுத்து போனவங்க யாராச்சும் இருக்கீங்களா? எந்தப் பக்கம் புதர் கம்மி?