அக்காவோட சைக்கிளும் அப்பாவோட பாதமும்

முதல்லயே சொல்லிடறேன். சிக்ஸ் பேக் வைக்கிறது எப்படின்னு தெரிஞ்சுக்க வந்தவங்க அடுத்த கட்டுரைக்குப் போயிடலாம். இது வீட்டுக்குள்ள ஒரு சைக்கிள் மெஷின் செஞ்ச கதை. செஞ்சது நான், மெக்கானிக்கல் நாலாம் வருஷம். மிதிக்கிறது எங்க அப்பா, வயசு 52. (நான் பன்னிரண்டாவது வரைக்கும் இங்கிலீஷ் மீடியம். எழுத்துப்பிழை இருந்தா எடிட்டர் டீமைத் திட்டுங்க.)

எங்க வீடு கோவில்பட்டியில ஊர் முடியுற இடத்துல இருக்கு. அதுக்கு அந்தப் பக்கம் காலி பிளாட், சீமைக்கருவேலம், அப்புறம் கரிசல் காடு. அப்பா தீப்பெட்டி ஃபேக்டரியில மெஷின் ஆபரேட்டர். எட்டு வருஷமா சுகர். டாக்டர் நடக்கச் சொன்னதால சாயங்காலம் அந்தக் காலி பிளாட் பக்கமாவே நடப்பார். தெருவுல நடந்தா நாலு பேர் "என்ன அண்ணாச்சி, வாக்கிங்கா? சுகரா?"ன்னு கேப்பாங்க. அது அவருக்குப் பிடிக்காது.

போன வைகாசி, செமஸ்டர் லீவுக்கு நான் ஊர்ல இருந்தேன். வீடு துடைச்சிட்டிருந்த அம்மா திடீர்னு நின்னுட்டாங்க. பாத்ரூம்ல இருந்து கட்டில் வரைக்கும் தரையில ரத்தக்கறை, காசு அளவுல, ஒரு எட்டுக்கு ஒண்ணா. அப்பா கட்டில்ல உக்காந்து டீ குடிச்சிட்டிருக்கார். காலைத் தூக்கிப் பார்த்தா, ரப்பர் செருப்பைத் துளைச்சு ஏறின கருவேல முள்ளு உள்ளேயே முறிஞ்சு கிடக்குது. எப்பக் குத்துச்சுன்னு அவருக்கே தெரியல.

ஆஸ்பத்திரியில ஒரு டெஸ்ட் எடுத்தாங்க. நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை. 10 கிராம் விசை கொடுத்தா வளையுற மாதிரி செஞ்சது. கண்ணை மூடச் சொல்லிட்டு பாதத்துல அங்கங்க அதை வச்சு அழுத்துவாங்க, தெரியும்போது சொல்லணும். குதிகால் பக்கம் அப்பா "இப்ப"ன்னார். அப்புறம் பெருவிரல், விரலுக்குக் கீழ மேடு, வரிசையா வச்சாங்க. அப்பா பேசாம இருந்தார். இன்னும் டெஸ்ட் ஆரம்பிக்கலன்னு நினைச்சிட்டிருந்திருக்கார். பக்கத்துல நின்ன எனக்குத்தான் தெரியும், அஞ்சாறு இடம் தாண்டியாச்சு.

எங்க பெரியப்பாவுக்கும் இப்படித்தான். முதல்ல சுண்டுவிரல், அப்புறம் பாதம், அப்புறம் முழங்காலுக்குக் கீழ. வீட்டுக்கு வர்ற வழியில யாரும் அவர் பேரை எடுக்கல.

புண்ணு ஆற ரெண்டு மாசம் ஆச்சு. ஆறினதுக்கு அப்புறம் டாக்டர் சொன்னது: நடையைக் குறைங்க, பாதத்துல உடம்போட எடை இறங்காத பயிற்சி செய்யுங்க, ஒரே இடத்துல நிக்கிற சைக்கிள் நல்லது. ரோட்டுல ஓட்டலாமேன்னு கேட்டா, பக்கத்துல இருக்குறது நான்குவழிச் சாலை. மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவுல லாரி போற வேகம் தெரியும்ல?

ரெடிமேட் மெஷின் வாங்கியிருக்கலாம்தான். காசு டிரெஸ்ஸிங்குக்கும் மருந்துக்கும் போயிருந்தது. மீதிக் காரணம், மெக்கானிக்கல் படிக்கிறோம்ங்கிற திமிர். வெளிநாட்டுல வீட்டுக்குள்ளயே சைக்கிள் மிதிச்சு ரேஸ் விடுறாங்க, 2020 டிசம்பர்ல அதுக்கு உலக சாம்பியன்ஷிப்பே நடத்தினாங்க. ஜெயிச்ச ஜேசன் ஆஸ்போர்ன் அசல்ல ஒரு படகுப் போட்டிக்காரர். அவங்க வச்சிருக்கிற டிரெய்னரோட விலையைப் பார்த்துட்டு லேப்டாப்பை மூடிட்டேன்.

மாடிப்படிக்கு அடியில அக்காவோட சைக்கிள் கிடந்தது. பதினொண்ணாவது படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டி. அக்கா உதவிபெறும் பள்ளி, தமிழ் மீடியம். என்னை ஃபீஸ் கட்டி பிரைவேட்ல சேர்த்தாங்க, அதனால எனக்கு சைக்கிள் கிடையாது. அக்காவுக்குக் கல்யாணம் ஆகி சாத்தூர் போயாச்சு. போன் பண்ணிக் கேட்டேன். "எடுத்துக்கோ, ஆனா பெல்லைக் கழட்டாத"ன்னா.

லேடீஸ் சைக்கிள்ங்கிறதுதான் இதுல பெரிய வசதி. நடுவுல குறுக்குக் கம்பி இல்ல. காலைத் தூக்கிப் போட வேண்டாம், சேர்ல உக்கார்ற மாதிரி ஏறிடலாம். உணர்ச்சி குறைஞ்ச காலுக்கு இது முக்கியம்.

சின்ன வயசுல ஸ்டாண்டு போட்டு பெடல் சுத்தாதவங்க யாரு? அதே ஐடியாதான். ஆனா அந்த ஸ்டாண்டு 70 கிலோ ஆளைத் தாங்காது, ஆடும். பட்டறையில இரும்பு ஆங்கிள் வாங்கி, பின் ஆக்சிலை ரெண்டு பக்கமும் பிடிக்கிற மாதிரி முக்கோணமா வெல்ட் பண்ணிக்கிட்டேன். சக்கரம் இப்ப அந்தரத்துல சுத்துது. ஆனா சும்மா சுத்துனா பயிற்சி ஆகாது, எதிர்விசை வேணும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ரிம் பக்கத்துல வச்சா எடி கரன்ட்ல பிரேக் ஆகும்னு நினைச்சேன். டக்குனு ரிம்லயே போய் ஒட்டிக்கிச்சு. ரிம் ஸ்டீல். அலுமினியமா இருந்தாத்தான் அந்த வித்தை நடக்கும். மூணு வருஷம் படிச்ச படிப்பு!

அப்புறம்தான் தெர்மல் லேப்ல பார்த்த ரோப் பிரேக் டைனமோமீட்டர் ஞாபகம் வந்தது. ரெக்கார்டு நோட்டுல பார்த்து எழுதின அதே எக்ஸ்பெரிமென்ட். டயர், டியூப், மட்கார்டு, கேரியர் எல்லாத்தையும் கழட்டிட்டு, ரிம் பள்ளத்துக்கு மேல கட்டில் நாடாவைப் போட்டேன். பின் முனையில 2 லிட்டர் தண்ணி பாட்டில் தொங்கும். முன் முனை ஒரு ஸ்பிரிங் தராசு வழியா ஃபிரேம்ல கட்டியிருக்கும். மிதிக்கும்போது தராசு அரைக் கிலோ காட்டினா, வித்தியாசம் ஒன்றரைக் கிலோ. சக்கரம் நிமிஷத்துக்கு 120 சுத்து சுத்தினா கிட்டத்தட்ட 60 வாட். பாட்டில்ல தண்ணியைக் குறைச்சா லேசாகும், ஊத்தினா கஷ்டமாகும். வேற கியர் வேண்டாம்.

அப்பா ஒரு வாரம் அதுல ஏறவே இல்ல. "ஏலே, சைக்கிள்னா எங்கயாச்சும் போய்ச் சேரணும்லா?"ன்னார். நான் டேட்டா எல்லாம் காட்டிப் பேசினேன், அம்மா அழுதாங்க, ஒண்ணும் நடக்கல. எட்டாவது நாள் நான் மிதிச்சிட்டிருக்கும்போது நாடா ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு வந்தது. வாசல்ல நின்னு பார்த்தவர் உள்ள வந்து, "முடிச்சு தப்பு. இறங்கு"ன்னார். பெல்ட் ஓடுற மெஷின்ல வருஷக்கணக்கா வேலை பார்த்த கை. முடிச்சை மாத்தினார், தராசை ரெண்டு விரக்கடை நகர்த்தினார். சரியா ஓடுதான்னு பார்க்க அவரேதான் ஏறணும். ஏறினார். பத்து நிமிஷம் மிதிச்சார். நான் கணக்குப் போட்டு "60 வாட்"னேன். "ஒரு குண்டு பல்பு"ன்னு சொல்லிட்டு இன்னும் கொஞ்சம் மிதிச்சார்.

நீங்களும் வீட்டுல யாருக்காவது இப்படிச் செய்றதா இருந்தா, நான் தடுக்கி விழுந்த சில இடங்களைச் சொல்றேன். முதல் தப்பு காத்து. ரோட்டுல ஓட்டும்போது எதிர்க்காத்து வியர்வையை ஆத்தும். ரூமுக்குள்ள அது கிடையாது. 60 வாட் மிதிக்க உடம்பு 200 வாட்டுக்கு மேல சூட்டை வெளிய தள்ளணும். அதோட நம்ம ஊர் கான்கிரீட் கூரை பகல்ல வாங்கின வெயிலை ராத்திரி பூரா இறக்கும். மொட்டை மாடியில ரெண்டு கோட் சுண்ணாம்பு அடிச்சோம், நெஞ்சுக்கு நேரா ஒரு டேபிள் ஃபேன் வச்சோம், நேரத்தைக் காலை அஞ்சரைக்கு மாத்தினோம். சீட் உயரமும் முக்கியம்: பெடல் கீழ இருக்கும்போது முழங்கால் லேசா மடங்கியிருக்கணும். வெறுங்கால்ல மிதிக்கவே கூடாது, சாக்ஸும் ஷூவும் கட்டாயம். கையில சர்க்கரைத் தண்ணியோ குளுக்கோஸோ இருக்கணும். சுகர் இறங்கி மயக்கம் வந்தா கோவில்பட்டிக்காரனுக்குக் கடலை மிட்டாய்தான் ஞாபகம் வரும். 2020-ல புவிசார் குறியீடு வாங்கின பெருமை எல்லாம் சரி, கடலையில இருக்குற எண்ணெய் சர்க்கரை ஏறுறதைத் தாமதப்படுத்தும். அவசரத்துக்கு அது உதவாது.

ரூம்ல மத்ததெல்லாம் சாதாரணம். மணல் நிரப்பின ரெண்டு எண்ணெய் பாட்டில், கைப்பிடி இல்லாத சேர், ஸ்கூட்டர் டியூபை வெட்டின பட்டை. நான் லீவுல போனா தண்டால், பஸ்கி. ஜிம்முன்னா ஆள் உயரக் கண்ணாடி இருக்கும்ல, எங்க ஜிம்முல கண்ணாடி தரையில கிடக்கும். மிதிச்சு முடிச்சதும் அப்பா ஷூவைக் கழட்டி, கண்ணாடிக்கு மேல பாதத்தைக் காட்டி, அடிப்பக்கம் முழுக்கப் பார்க்கணும். கொப்புளம், வெடிப்பு, சிவப்பு எதுவும் வலிச்சுத் தெரியாது, கண்ணாலதான் தெரியணும். அப்புறம் ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்புவார். ஹாஸ்டல்ல என் போனைத் திறந்தா தினம் காலையில ரெண்டு உள்ளங்கால். ரூம்மேட் ஒருத்தன் முதல்ல பயந்தே போயிட்டான்.

ஹெச்பிஏ1சி 9.8 இருந்தது, மூணு மாசம் கழிச்சு 8.6. (சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும், அதனால இது மூணு மாசக் கணக்கைக் காட்டும். முந்தின நாள் பட்டினி கிடந்து ஏமாத்த முடியாது. அப்பா முயற்சி பண்ணிப் பார்த்தார்.) டாக்டர் இது பத்தாதுன்னு மாத்திரையையும் கூட்டியிருக்கார். எவ்வளவு சைக்கிளால, எவ்வளவு மாத்திரையால இறங்கும்னு இனிமே பிரிச்சுச் சொல்ல முடியாது.

ஐப்பசியில மழை பெஞ்சதும் புதுப் பிரச்சினை. மெஷின் ஆட ஆரம்பிச்சது. வெல்டிங் விட்டுடுச்சோன்னு அம்மாவை வீடியோ கால்ல எல்லா மூலையும் காட்டச் சொன்னேன். வெல்டிங் நல்லாத்தான் இருந்தது, தரைதான் எழும்பியிருந்தது. சிவில் நண்பர்களுக்குத் தெரியும், கரிசல்ல மாண்ட்மோரில்லனைட்னு ஒரு களிமண் கனிமம் இருக்கு. தண்ணி குடிச்சா உப்பும், காய்ஞ்சா சுருங்கிப் பாளம் பாளமா வெடிக்கும். இதுக்குன்னே ரூர்க்கி சிபிஆர்ஐயில அண்டர்-ரீம்டு பைல்னு அடியில குமிழ் வச்ச அஸ்திவாரம் கண்டுபிடிச்சாங்க. எங்க வீட்டுக்கு வானம் தோண்டினப்ப அதெல்லாம் யாருக்குத் தெரியும்? கொஞ்சம் சரள் அடிச்சாங்க, கல்லைக் கட்டினாங்க, அவ்வளவுதான்.

"மழை பெஞ்சா மண்ணு பொங்கும்லா, இதுக்குப் போயி வீடியோ கால் எதுக்கு?"ன்னு அப்பா சொல்லிட்டு, தீப்பெட்டி அட்டையைச் சீவி நாலா மடிச்சு, தூக்கியிருந்த கால் கீழ சொருகினார். ஆட்டம் நின்னுச்சு. இப்ப அது அவரோட வேலை. மழைக்கு ஒரு அட்டை கூடும், வெயில் அடிச்சா ஒண்ணை உருவுவார். எத்தனை அட்டைன்னு செவுத்துல பென்சில்ல தேதியோட குறிச்சு வச்சிருக்கார். என் லேப் ரெக்கார்டை விட ஒழுங்கா இருக்கு.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது நாலு கால்லயும் போல்ட் வச்சு, திருகினா உயரம் மாறுற மாதிரி வெல்ட் பண்ணலாம்னு இருக்கேன். டிராயிங் எல்லாம் ரெடி. அப்பாகிட்ட இன்னும் சொல்லல. அவருக்கு அந்த அட்டையைச் சீவுறது பிடிச்சிருக்கு.