புள்ளி உதிராத பெயர்

சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடக்கும் அச்சுத் தொழில் கண்காட்சிகளில், பெயர் ஸ்டிக்கர் அடித்துத் தரும் ஸ்டால்களை நான் கூர்ந்து கவனிப்பதுண்டு. வருபவர் பெயரைச் சொல்கிறார். கணினியில் இருப்பவர் தட்டச்சு செய்து பூவேலை ஒன்றைச் சேர்க்கிறார். வினைல் சுருளில் மை இறங்குகிறது. ஓரத்தில் அச்சான அடையாளக் குறிகளை இயந்திரத்தின் கண் படிக்க, பிளேடு பெயரைச் சுற்றி வளைந்து ஓடி, மேலே உள்ள வினைலை மட்டும் அறுத்துச் சிலிக்கான் பூசிய அடித்தாளை விட்டுவிடுகிறது. ஹாஃப் கட் என்று தொழிலில் சொல்வது இதைத்தான். எல்லாவற்றையும் இயந்திரமே செய்துவிடும் என்ற எண்ணத்தோடுதான் பார்ப்பவர் நகர்கிறார். அது பாதி உண்மை. ஆளுக்கு ஒரு ஸ்டிக்கர் என்கிற இந்தத் தொழிலில் திறமையும் நேரமும் செலவாகும் இடம் அச்சுக்கு முன்னும் பின்னும் உள்ள கைவேலை. அதைக் காட்டாத கண்காட்சி, இயந்திரம் வாங்க வருபவருக்கே தவறான கணக்கைக் கொடுத்தனுப்புகிறது.

ஆஃப்செட் அச்சில் ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி அச்சுத் தகடு போட வேண்டும். அதனால் ஒரு பெயருக்காக ஒரே ஒரு ஸ்டிக்கர் அடிப்பது கட்டுபடியாகாது. பென்னி லாண்டாவின் இண்டிகோ நிறுவனம் 1993-இல் கொண்டுவந்த டிஜிட்டல் அச்சு இயந்திரம் அந்தத் தடையை உடைத்தது. தாளுக்குத் தாள் வேறு படம் அடிக்க முடிந்தது. கோகோ-கோலா 2011-இல் ஆஸ்திரேலியாவில் பாட்டில்களில் ஆட்களின் பெயரைப் போட்டபோது பட்டியலில் இருந்தவை 150 பெயர்கள். முன்கூட்டியே முடிவான பட்டியல் என்பதால் எழுத்துப் பிழையை ஒருமுறை பார்த்துத் திருத்தினால் போதும். நம் ஊர் ஸ்டிக்கர் கடைக்கு அந்த வசதி இல்லை. பெயர் வாட்ஸ்அப்பில் வருகிறது, யூனிகோடில். கடைக் கணினியில் இருப்பதோ பாமினி போன்ற பழைய எழுத்துரு. மாற்றும்போது கொம்பு இடம் மாறும், துணைக்கால் தொலையும். டிசைனர் ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாகப் படித்த பிறகே வெட்டும் இயந்திரமான பிளாட்டருக்கு அனுப்ப முடியும்.

அடுத்தது வேஸ்ட் எடுக்கிற வேலை. கார் கண்ணாடிக்கு வெறும் எழுத்தாக வெட்டும் ஸ்டிக்கரில், எழுத்தைச் சுற்றியுள்ள வினைலைக் கையால்தான் உரித்தாக வேண்டும். ‘கார்த்திக்’ என்ற பெயரில் மூன்று மெய்யெழுத்துகள். மூன்று புள்ளிகளும் எழுத்தைத் தொடாமல் தனித்தனியாக நிற்பவை. பிளேடு மழுங்கியிருந்தால் புள்ளி வேஸ்ட்டோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்துவிடும். அனுபவமுள்ள கை, கத்தி முனையால் புள்ளியை அழுத்திப் பிடித்து, மறு கையால் வினைலைத் தாழ்வாக, ஏறக்குறைய தாளோடு தாளாகப் படுக்க வைத்து இழுக்கும். பிறகு ட்ரான்ஸ்ஃபர் டேப்பை ஒட்டித் தூக்கும்போது மூன்று புள்ளிகளும் ஏறி வந்தனவா என்று மறுபடி பார்க்க வேண்டும். கண்காட்சியில் தருவது பின்னணியோடு அச்சடித்து விளிம்பை மட்டும் வெட்டிய ஸ்டிக்கர். அதில் புள்ளி உதிர வழியே இல்லை.

கண்காட்சி இயந்திரம் விற்கும் இடம், தொழிலாளியைக் காட்டும் இடமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் கடன் வாங்கி இயந்திரம் எடுப்பவர் ஒரு மணி நேரத்துக்கு இத்தனை என்று போடும் கணக்கு, பிளாட்டரின் வேகத்தை வைத்துப் போட்டது. கடையின் உண்மையான வேகம் வேஸ்ட் எடுக்கும் மேசையின் வேகம். வேஸ்ட் எடுப்பதையும் இயந்திரம் செய்யும் காலம் வந்துவிட்டதே என்பார்கள். லேபிள் அச்சகங்களில் வந்திருப்பது உண்மைதான்; அங்கே ஒரே வடிவம் வரிசையாக வருவதால் மிச்சம் அறுபடாத வலையாகச் சுருண்டு போகிறது. பெயருக்குப் பெயர் வடிவம் மாறி, எழுத்தின் உட்குழிகளில் வினைல் துண்டு துண்டாகத் தங்கும் வேலைக்கு அது பொருந்தாது. வினைலும் சிலிக்கான் தாளும் குப்பையாகின்றன என்ற குறைக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பெயர்களை நெருக்கி அடுக்கி வெட்டும் டிசைனர் குப்பையைக் கொஞ்சம் குறைக்கிறார் என்பது மட்டும் தெரியும். அதுவும் அவர் கைத்திறன்தான்.

ஸ்டிக்கருக்கு விலை பெரும்பாலும் சதுர அடிக்கு இவ்வளவு என்றே சொல்லப்படுகிறது. அதே அளவில் ‘கார்த்திக்’குக்கும், புள்ளியே இல்லாத ‘ராஜா’வுக்கும் ஒரே விலை, உரிப்பவரின் நேரம் கணக்கில் ஏறுவதில்லை. ஸ்டாலில் பிளாட்டருக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, உரிப்பவரை உட்கார வைத்து, வெட்டுக்கூலியையும் உரிப்புக்கூலியையும் தனித்தனியே பலகையில் எழுதி வைத்தால், வாங்க வருபவர் கடை திறக்கும் முன்பே அந்தக் கூலியையும் சேர்த்து விலை போடுவார்.