எனக்கும் அப்படித்தான்

காதுக்கு மேலே ஒட்ட வெட்டிய தலையோடு நான் வாசலுக்கு வந்த அன்று, தெருவில் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "திருப்பதியா, சமயபுரமா?"

நான் வெளியே தலைகாட்டி ஒரு மாதம் ஆகியிருந்தது. மொட்டை போட்டு முடி முளைத்து வருகிறது என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். விஷயம் வேறு. இடுப்பு வரை இருந்த கூந்தலை அலசி, துவட்டி, சிக்கெடுத்து முடித்தால் அடுத்த இரண்டு நாள் எனக்குப் படுக்கைதான். கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்திருப்பதே மூட்டை சுமப்பது மாதிரி. அதனால் வெட்டிவிட்டேன். இதைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் "ஏன்?" வரும். பதில் சொன்னால் "டாக்டர் என்ன சொன்னார்?" வரும். கடைசியில், "எனக்கும் அப்படித்தான் அசதியா இருக்கு, வயசாகுதில்ல" என்று முடியும். அதற்குப் பத்து நிமிடம் நின்றுகொண்டு பேச வேண்டும். என்னிடம் அந்தப் பத்து நிமிடம் இல்லை. "சமயபுரம்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து படுத்துக்கொண்டேன்.

2017இல் ஆரம்பித்தது இது. தமிழ்நாடு முழுக்க டெங்கு பரவிய வருடம். எங்கள் பள்ளியில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி நிலவேம்புக் குடிநீர் கொடுத்தோம். கசப்புக்குப் பயந்து அவர்கள் முகத்தைச் சுளிக்க, கணக்கு டீச்சரான நான்தான் முதல் டம்ளரைக் குடித்துக் காட்டினேன். பத்தே நாளில் காய்ச்சல் எனக்கு வந்தது. பிளேட்லெட் இறங்கியது, பப்பாளி இலைச்சாறு வந்தது, பிளேட்லெட் ஏறியது. காய்ச்சல் விட்டு இரண்டு வாரம் கழித்து வேலைக்குப் போனேன். கரும்பலகையில் இருபடிச் சமன்பாட்டின் மூன்றாவது வரியை எழுதும்போது, இரண்டாவது வரி எதற்கு என்று மறந்துபோனது. கால் நடுங்கியது. நின்றால் நெஞ்சு படபடத்தது, உட்கார்ந்தால் அடங்கியது. ஒன்பது மணி நேரம் தூங்கி எழுந்தாலும், இரவெல்லாம் யாரோ என்னை வேலை வாங்கியது போல உடம்பு கிடந்தது.

தமிழில் இதற்குச் சொல் பஞ்சமில்லை. அசதி, அலுப்பு, களைப்பு, சோர்வு, அயர்ச்சி, ஆயாசம். அத்தனை சொல்லும் ஒரு நம்பிக்கையோடு பிறந்தவை: படுத்து எழுந்தால் சரியாகிவிடும். படுத்து எழுந்தும் சரியாகாத ஒன்றுக்கு நான் எந்தச் சொல்லைச் சொல்வது? "அசதியா இருக்கு" என்றேன். கேட்டவர்கள் தங்கள் அசதியை நினைத்துக்கொண்டார்கள்.

ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, ஈ.எஸ்.ஆர்., வைட்டமின் டி என்று கோப்பு தடித்தது. ஒவ்வொரு தாளிலும் "நார்மல்". நார்மல் என்ற சொல்லைக் கேட்டு வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் தேர்வில் விடைத்தாள் திருத்தாமலே திருப்பிக் கொடுத்தது போல இருந்தது. ஒரு மருத்துவர் தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார். நல்ல மாணவியாக நடந்தேன். முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் காலை, பல் துலக்க பிரஷைத் தூக்க முடியவில்லை. தொண்டை வலித்தது, வெளிச்சம் கண்ணைக் குத்தியது. உடம்பு பழகவில்லை என்று நினைத்து மறுபடி நடந்தேன். நான்காவது மாதம் வேலையை விட்டேன்.

மனநல மருத்துவரிடமும் போனேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உடம்பு நாளைக்கே சரியாயிட்டா என்ன செய்வீங்க?" நான் மூச்சு விடாமல் பதினொரு காரியம் சொன்னேன். மலைக்கோட்டை ஏறுவதில் தொடங்கி, பரணில் கிடக்கும் தையல் மெஷினைத் துடைப்பது வரை. அவர் சிரித்தார். "ஆசை விட்டுப்போனவங்க இவ்வளவு பெரிய பட்டியல் போட மாட்டாங்கம்மா. நீங்க ஒரு நல்ல ஃபிசிஷியனைப் பாருங்க."

அந்த நல்ல ஃபிசிஷியனைக் கண்டுபிடிக்க 2022 வரை ஆனது. அவருடைய காத்திருப்பு அறையில் நாற்காலியில் உட்கார முடியாமல், சுவரில் சாய்ந்து காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு பெண் யாரைப் பற்றியும் கவலைப்படாமல் பெஞ்சில் படுத்திருந்தார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "நிக்கிறதுதான் ரொம்பக் கஷ்டம், இல்ல?" என்றார். ஐந்து வருடத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி. ஆமாம் என்று தலையாட்டினேன். "எனக்கும் அப்படித்தான்" என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

கரூரைச் சேர்ந்த நர்ஸ் அவர். 2021இல் கொரோனா வார்டு வேலையில் தொற்றி, தொற்று போய், உடம்பு திரும்பாமல் நின்றவர். கொரோனாவுக்குப் பிறகு எங்களைப் போன்றவர்கள் திடீரென்று பெருகினார்கள். அவர் வழியாக ஒருவர், அந்த ஒருவர் வழியாக இன்னொருவர் என்று ஆறு பேர் சேர்ந்தோம். இதுவரை நாங்கள் ஆறு பேரும் ஓரிடத்தில் சந்தித்ததில்லை, இனியும் நடக்குமா என்று தெரியாது. ஞாயிறு மாலை நான்கு மணிக்கு போனில் கூடுவோம். இருபது நிமிடம், அதற்கு மேல் இல்லை. வீடியோ கிடையாது. எழுந்து உட்காரக் கூடாது, படுத்துக்கொண்டுதான் பேச வேண்டும். பேச முடியாதவர் கேட்டுக்கொண்டிருக்கலாம், கேட்கவும் முடியாவிட்டால் வராமல் இருக்கலாம், காரணம் சொல்ல வேண்டாம். லேகியம், பவுடர், விரதம் எதையும் யாரும் யாருக்கும் சிபாரிசு செய்யக் கூடாது.

முதல் ஞாயிறு நான் கோப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தேன். எந்த வருடம், என்ன பரிசோதனை, என்ன முடிவு. சாட்சிக் கூண்டில் நிற்கிறவளைப் போல. இரண்டாவது நிமிடத்தில், எங்களில் ஒருவரான விளாத்திகுளம் அக்கா நிறுத்தினார். "அதெல்லாம் வேண்டாம் தாயி. நாங்க நம்புறோம். நீ சாப்பிட்டியா?" அன்று மீதி நேரம் நான் எதுவும் பேசவில்லை. எத்தனை வருடமாக என் சக்தியில் பாதியை, நான் பொய் சொல்லவில்லை என்று நிரூபிப்பதற்கே செலவழித்திருக்கிறேன் என்பது அந்த அமைதியில்தான் தெரிந்தது. ஒருவர் நம்மை நம்புவது, தலையணை மாதிரி ஒரு பொருள்.

அக்காவுக்கு 2006இல் சிக்குன்குனியா வந்தது. அதற்குப் பிறகு பதினாறு வருடம் பெயரே இல்லாமல் இந்த நோயோடு இருந்தவர். நான் ஒருநாள் சொன்னேன், "இன்னிக்கு வேலை செஞ்சா கந்துவட்டிக்கு வாங்கின மாதிரி இருக்குக்கா. மூணாம் நாள் ஆள் அனுப்பி வசூல் பண்ணுது." அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "கடன்னு ஏன் நினைக்கே? நாம என்ன தப்பு செஞ்சோம்? எங்க ஊர்ல கோடையில வைப்பாத்து மணல்ல ஊத்து தோண்டுவோம். தண்ணி கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஊறும். கொட்டாங்கச்சியில மெதுவா அள்ளி, கொஞ்சம் காத்திருந்து, மறுபடி அள்ளணும். அவசரப்பட்டு வாளியை விட்டா கலங்கிப்போயிரும். பெறகு அது தெளியற வரைக்கும் ஒருத்தருக்கும் தண்ணி கிடையாது. அம்புட்டுதான், பாத்துக்க."

அமெரிக்காவில் லூபஸ் நோயாளியான கிறிஸ்டின் மிசரண்டினோ என்பவர் தன் தோழிக்கு இப்படித்தான் விளக்கியதை 2003இல் எழுதினார். ஒரு நாளுக்கு இத்தனை ஸ்பூன், குளித்தால் ஒன்று போயிற்று, சமைத்தால் இன்னொன்று போயிற்று. உலகம் முழுக்க நாட்பட்ட நோயாளிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் ஆறு பேருக்கு அக்காவின் ஊற்றே போதுமானதாக இருந்தது. அளவுக்கு மீறிய உழைப்புக்கு ஒன்றிரண்டு நாள் கழித்து வரும் சரிவுதான் இந்த நோயின் கையெழுத்து என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். எங்களுக்குள் அது "கலங்கல்". "இந்த வாரம் கலங்கிருச்சு" என்று நர்ஸ் சொன்னால் மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை.

நாகர்கோவில் சார் ஓய்வு பெற்ற லேப் டெக்னீஷியன். "எத்தனை பேருக்கு நார்மல்னு நானே எழுதிக் கொடுத்திருக்கேன்" என்பார். அவர்தான் எங்களை நோட்டு போட வைத்தார். ஒரு பத்தியில் இன்று செய்த காரியம், அடுத்த பத்தியில் நாளன்னைக்கு உடம்பு எப்படி இருந்தது. கணக்கு டீச்சரான எனக்கு அது ருசித்தது. இரண்டு மாத நோட்டைப் பார்த்தபோது விடை தெரிந்தது. என்னைச் சாய்ப்பது வேலையின் அளவு மட்டுமல்ல, நின்றுகொண்டு செய்யும் வேலை. சமையலறையில் ஒரு ஸ்டூல் வந்தது, குளியலறையில் ஒரு முக்காலி வந்தது. கூந்தல் போனதும் அந்தக் கணக்கில்தான்.

சார் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து எங்களுக்குக் கதை சொல்வார். 1955 ஜூலையில் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஒரு விசித்திர நோய் பரவியது. நர்சுகள், டாக்டர்கள், ஊழியர்கள் என்று 292 பேர் விழுந்தார்கள். ஏற்கெனவே படுக்கையில் இருந்த நோயாளிகளில் பன்னிரண்டு பேருக்குத்தான் வந்தது. மருத்துவமனையை அக்டோபர் வரை மூட வேண்டியதாயிற்று. மறு வருடம் "லான்செட்" இதழ் அதற்கு மயால்ஜிக் என்செஃபலோமயலைட்டிஸ் என்று பெயர் கொடுத்தது. எங்கள் நோய்க்கும் அதே பெயர்தான். 1970இல் இரண்டு மனநல மருத்துவர்கள் பழைய குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தார்கள். நோயாளிகளை நேரில் பார்க்கவில்லை. பாதிக்கப்பட்டவர்களில் பெண்களே அதிகம் என்பதையும் ஒரு காரணமாகக் காட்டி, இது கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதிவிட்டார்கள்.

சார் இதைச் சொன்ன அன்று போனில் நீண்ட அமைதி. பிறகு கரூர் நர்ஸ் கேட்டார். "அந்த நர்சுங்க எல்லாம் என்ன சார் ஆனாங்க?" சிலர் தேறினார்கள், சிலர் தேறவே இல்லை என்றார் சார். "மே 12 எங்களுக்கு நர்ஸ் தினம் சார். கேக் வெட்டுவோம்" என்றார் நர்ஸ். அதே நாள்தான் நம் நோய்க்கும் விழிப்புணர்வு நாள் என்று சார் சொன்னார். இரண்டுக்கும் காரணம் ஒரே ஆள், ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல். கிரீமியப் போரில் காய்ச்சலில் விழுந்து, ஊர் திரும்பிய பிறகு வாழ்வில் பல வருடங்களைப் படுக்கையிலேயே கழித்தவர். அங்கிருந்தே எழுதிக் குவித்தவர். அது என்ன நோய் என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. விளக்கோடு நிற்கும் படத்தைத்தான் நர்ஸ் பார்த்திருக்கிறார், படுத்திருக்கும் நைட்டிங்கேலைப் பற்றி அவருக்கு யாரும் சொன்னதில்லை.

எங்கள் நோய்க்கு 1988இல் அமெரிக்காவில் வைத்த பெயர் நாட்பட்ட சோர்வு நோய்க்குறி. அந்தச் "சோர்வு"தான் எங்களுக்குக் கெடுதல் செய்தது. சோர்வுக்கு மருந்து சுறுசுறுப்பு என்று யாருக்கும் தோன்றும் அல்லவா? உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சையை இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ் 2007இல் பரிந்துரைத்தது. 2021 அக்டோபரில் அதை விலக்கிக்கொண்டது. அந்தச் செய்தியைக் கேட்ட அன்று, நான் நடந்த நடையெல்லாம் நினைவுக்கு வந்தது. அழவில்லை. அழுதாலும் கலங்கும்.

எங்கள் ஆறு பேரைப் பற்றி அழகாக மட்டும் சொன்னால் அது பாதிப் பொய். ஒருவர் மெல்லத் தேறி வேலைக்குப் போனார். வாழ்த்தினோம். அன்று இரவு எனக்குப் பொறாமையில் தூக்கம் வரவில்லை. அவரும் பிறகு போனில் வரவில்லை, தேறியவருக்கு இங்கே என்ன பேசுவதென்று தெரியவில்லை போல. சேலத்துத் தம்பி ஏழு மாதமாகப் பேசவில்லை. இணைப்பில் வருவான், மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். யாரும் அவனைப் பேசச் சொல்வதில்லை. "தம்பி இருக்கான்" என்று அக்கா மட்டும் ஒருமுறை சொல்வார். எங்கள் கூட்டத்தால் யாருக்கும் நோய் குணமாகவில்லை. லாரா ஹில்லன்பிராண்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் இதே நோயோடு வீட்டுக்குள் கிடந்து "சீபிஸ்கட்" என்ற புகழ்பெற்ற புத்தகத்தை எழுதினார் என்று சார் உற்சாகமாகச் சொன்னபோது, அக்கா சொன்ன பதில் எங்கள் நிலைமையைச் சரியாகச் சொல்லும். "அவுக புத்தகம் எழுதுனாக. நான் இன்னைக்கு ரசம் வச்சேன்."

ரசத்துக்கு நாங்கள் கைதட்டினோம், படுத்துக்கொண்டே.

"எனக்கும் அப்படித்தான்." தெருவில் இதைக் கேட்டால் என் பேச்சு அங்கேயே நின்றுவிடும். ஞாயிறு நான்கு மணிக்கு அதே சொற்களைக் கேட்டால் பேச்சு அங்கேதான் தொடங்கும். தெருவில் சொல்கிறவர்களும் கெட்டவர்கள் இல்லை. என் அசதியைத் தங்கள் அசதியால் அளக்கிறார்கள், வேறு அளவுகோல் அவர்களிடம் இல்லை. போனில் சொல்கிறவர்களிடம் என் அளவுகோல் இருக்கிறது.

போன ஞாயிறு, முடிவெட்டிய கதையையும் சமயபுரம் பொய்யையும் சொன்னேன். அம்மன் பேரில் சொன்ன பொய் உறுத்துகிறது என்றேன். ஒரு தடவை போய்க் கும்பிட்டுவிட்டு வரலாமா என்றால், போக வர ஒரு நாள், வரிசையில் நிற்க வேண்டும், பிறகு ஒரு வாரம் கலங்கல். சார் சிரித்தார். சமயபுரத்தாள் மாசி கடைசியிலிருந்து 28 நாள் பக்தர்களுக்காகத் தானே பச்சைப்பட்டினி விரதம் இருக்கிறவள் என்று நர்ஸ் நினைவுபடுத்தினார். துள்ளுமாவும் இளநீரும் பானகமும்தான் அப்போது அவளுக்கு நைவேத்தியம்.

"இருபத்தெட்டு நாள் சோறில்லாமக் கெடக்கிறவ" என்றார் விளாத்திகுளம் அக்கா. "அவ உங்கிட்ட விளக்கம் கேப்பாளாக்கும்? பேசாமப் படு."

இருபது நிமிடம் முடிந்து இணைப்பு ஒவ்வொன்றாக அறுந்தது. கடைசியில் ஒரு மூச்சுச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது. நானும் போனை வைக்கவில்லை.