மடியில் கனம் உண்டு, வழியில் பயமில்லை!

குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள் எங்கள் இலஞ்சியைப் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்ததோடு சரி. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் வயலும் தோப்பும் சிற்றாற்றுத் தண்ணீருமாக இருக்கிற ஊர். இலஞ்சி என்றால் மகிழ மரம். அருணகிரிநாதர் திருப்புகழில் பாடிய குமாரர் கோயில் கொண்டிருப்பது இங்கேதான். ஆனி, ஆடியில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் கேமராவும் கையுமாக எத்தனை பேர் வருகிறார்கள்! ஐந்தருவியில் ஒரு படம், தென்காசிக் கோபுரத்தடியில் ஒரு படம், சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தித் தோட்டத்தில் ஒரு படம்.

ஊருக்கே இந்த ஆசை இருக்கும்போது என் மகளுக்கு மட்டும் இல்லாமல் போகுமா? படிப்பை முடித்ததும் காதுகுத்து, வளைகாப்பு, கல்யாணம் என்று படமெடுக்கக் கிளம்பிவிட்டாள். கேமராவும் இரண்டு லென்சும் வாங்க என் வளையல்களில் இரண்டு பாங்குக்கு அடகு போயின. அவள் சம்பாத்தியத்திலேயே மாதா மாதம் கட்டி வருகிறாள். அதனால் அந்தப் பை எங்கள் வீட்டில் வெறும் பை இல்லை. என் கை வளையல்தான் அதற்குள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

அவளுக்குச் சென்னையில் ஒரு கல்யாணம் வந்தது. வழக்கமாகப் பொதிகை எக்ஸ்பிரஸில் போய்விடுவாள். முதல் நாள் கடையநல்லூரில் ஒரு காதுகுத்து இருந்ததால் பெண் வீட்டாரே விமான டிக்கெட் போட்டு, "துணைக்கு அம்மாவும் வரட்டும்" என்றார்கள். எனக்கு அதுதான் முதல் விமானப் பயணம். அந்தப் பையோடு போய் வந்ததில் நான் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன். பிள்ளைகளைப் பார்க்க வெளியூர், வெளிநாடு போகும் சகோதரிகளுக்கு உதவும்.

"இந்தக் கனத்தை எதுக்குத் தோள்ல சுமக்கணும்? துணிப் பெட்டியிலே வச்சுப் பூட்டிப் போட்டிரலாம்லா?" என்றார் என் வீட்டுக்காரர். நியாயமான கேள்விதான். ஆனால் நாம் கவுண்டரில் ஒப்படைக்கும் பெட்டி பல கை மாறி, வண்டியில் ஏறி இறங்கி, மற்றப் பெட்டிகளுக்கு அடியில் நசுங்கித்தான் வந்து சேரும். கேமரா, நகை, பணம் இவற்றை அதில் வைக்காதீர்கள் என்று விமானக் கம்பெனிகளே தங்கள் விதிகளில் எழுதி வைத்திருக்கின்றன. உள்நாட்டுப் பயணத்தில் பெட்டி தொலைந்தால் கிடைக்கக்கூடிய நஷ்டஈட்டின் உச்ச அளவு 20,000 ரூபாய். ஒரு நல்ல லென்சின் விலைக்குக்கூட அது காணாது.

இன்னொரு காரணம் பாட்டரி. லித்தியம் பாட்டரி சில சமயம் சூடாகித் தீப்பிடிக்கும். நாம் உட்காரும் இடத்தில் புகைந்தால் உடனே கண்ணில் படும், அணைக்கலாம். அடியில் சாமான் அறையில் பிடித்தால் யாருக்குத் தெரியும்? அதனால்தான் தனியாக எடுத்துப் போகும் பாட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில்தான் வர வேண்டும் என்பது உலகம் முழுவதும் உள்ள விதி. 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் புறப்படக் காத்திருந்த ஏர் புசான் விமானம் ஒன்று எரிந்துபோனது. தலைக்கு மேல் அடுக்கில் இருந்த பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் சொன்னார்கள். நல்ல வேளை, உள்ளே இருந்த அத்தனை பேரும் தப்பிவிட்டார்கள். அந்த ஆண்டு ஏப்ரல் முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் விமானங்களில் பவர் பேங்கில் போன் சார்ஜ் போடுவதையே நிறுத்திவிட்டது.

எவ்வளவு பெரிய பாட்டரி கொண்டு போகலாம்? அதற்குக் கணக்கு 'வாட்-அவர்'. 100 வாட்-அவர் வரை தனி அனுமதி வேண்டாம். 100-லிருந்து 160 வரை விமானக் கம்பெனியிடம் முன்கூட்டிக் கேட்க வேண்டும். அதற்கு மேல் கூடவே கூடாது. பயப்பட வேண்டாம், கேமரா பாட்டரி பெரும்பாலும் 20 வாட்-அவருக்குள் அடங்கிவிடும். 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் 74-தான் வரும். பாட்டரியின் முதுகில் அச்சடித்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். நான் மிளகு, சீரகம் போட்டு வைக்கிற சின்ன ஜிப் கவர்களைப் புதிதாக எடுத்து, ஒவ்வொரு பாட்டரியையும் தனித்தனியாகப் போட்டுக் கொடுத்தேன். பாட்டரியின் உலோக முனை சாவியிலோ சில்லறையிலோ உரசக் கூடாது என்பதுதான் விஷயம்.

அடுத்தது எடை. சாதாரண வகுப்பில் கைப்பைக்கு நம் நாட்டில் பெரும்பாலும் 7 கிலோதான். அளவு 55, 35, 25 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி சிறிது மாறும், டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டிலேயே எடை பார்க்க ஒரு சுலபமான வழி: எடை மெஷினில் பையோடு ஒரு தடவை ஏறுங்கள், பை இல்லாமல் ஒரு தடவை ஏறுங்கள். கழித்தால் பையின் எடை. எங்கள் பை 8 கிலோ 300 கிராம் காட்டியது! கனமெல்லாம் எங்கே என்று பார்த்தால் பையே இரண்டு கிலோ. அதை வைத்துவிட்டு, லேசான துணிப் பை ஒன்றை எடுத்து, லென்சுகளைத் துர்க்கித் துண்டில் சுற்றி வைத்தோம். ஸ்டாண்டும் ஸ்க்ரூ டிரைவரும் துணிப் பெட்டிக்குப் போயின. ஸ்டாண்டைச் சில இடங்களில் உள்ளே விட மாட்டார்கள், ஸ்க்ரூ டிரைவரோ வீண் வம்பு. இப்போது ஆறே முக்கால் கிலோ!

இலஞ்சிக்காரர்களுக்கு விமானம் ஏற மூன்று இடம் உண்டு: தூத்துக்குடி வாகைக்குளம், திருவனந்தபுரம், மதுரை. நாங்கள் திருநெல்வேலி வழியாக வாகைக்குளம் போனோம். பாதுகாப்புச் சோதனையில் கேமரா, பவர் பேங்க், சார்ஜர் எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தட்டில் வைக்கச் சொன்னார்கள். இங்கே பெண்கள் ஒன்று கவனிக்க வேண்டும். நம்மைத் திரைக்குள் அழைத்துத் தனியாகச் சோதிக்கிறார்கள். வரிசை நீளமாக இருந்தால் நேரமாகும். அதற்குள் நம் தட்டு மெஷினைத் தாண்டி அந்தப் பக்கம் அநாதையாகக் கிடக்கும். இரண்டு பேராகப் போனால் ஒருவர் முதலில் சோதனை முடித்து அந்தப் பக்கம் நின்றுகொள்ள, மற்றவர் பிறகு தட்டைத் தள்ளலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். தனியாகப் போகிறவர்கள் தங்கள் முறை நெருங்கும் வரை தட்டைத் தள்ளாமல் கையிலேயே வைத்திருங்கள்.

எக்ஸ்ரே மெஷினால் மெமரி கார்டுக்கு ஒன்றும் ஆகாது. அப்பா காலத்து பிலிம் கேமரா வைத்திருப்பவர்கள் மட்டும் ரோலைக் கையால் சோதிக்கும்படி கேட்டுக்கொள்வது நல்லது.

விமானத்தின் படியருகே ஒரு சோதனை காத்திருந்தது. நாங்கள் ஏறியது விசிறி வைத்த சின்ன ஏ.டி.ஆர். விமானம். வரிசைக்கு நான்கு பேர்தான். மேல் அடுக்கும் சிறியது. அங்கே நின்ற ஊழியர், "இந்தப் பை மேலே கொள்ளாதும்மா, கீழே சாமானோட போட்டுருதோம்" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மகள் பதறவில்லை.

"சார், இதிலே பாட்டரி எல்லாம் இருக்கு. கீழே போடக் கூடாதுல்லா? அதை மட்டும் எடுத்துக்கிடுதேன்" என்று, தயாராக வைத்திருந்த சின்ன ஜோல்னாப் பையை உதறினாள். பாட்டரி, மெமரி கார்டு, கேமரா மூன்றும் அதற்குள் போயின. துணிப் பை பாதியாக இளைத்துவிட்டது! "இனி முன் ஸீட்டுக்கு அடியிலே நுழையும், பாருங்க சார்" என்றாள். அவரும் பார்த்துச் சிரித்துவிட்டு, "சரிம்மா, ஏறுங்க" என்றார். சண்டையும் இல்லை, அழுகையும் இல்லை. பையைத் தரத்தான் வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தாலும் பாட்டரியையாவது எடுத்துக்கொண்டுதான் தந்திருக்க வேண்டும். அவசரத்தில் பலரும் மறப்பது இதைத்தான்.

சாரல் ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர் ஈரத்தில் லென்சுக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். அப்பளத்தைப் போலக் காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். பயணப் பையிலும் இரண்டு போடுங்கள். ஏ.ஸி. விமானத்திலிருந்து புழுக்கத்தில் இறங்கியவுடன் கேமராவை வெளியே எடுத்தால், ஐஸ் தண்ணீர் டம்ளர் போலக் கண்ணாடி வியர்க்கும். அரை மணி நேரம் பை மூடியே இருக்கட்டும்.

விலை உயர்ந்த கேமராவோடு வெளிநாடு போகிறவர்கள், கிளம்பும்போதே விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் காட்டி எக்ஸ்போர்ட் சர்ட்டிபிகேட் வாங்கிக்கொண்டால், திரும்பும்போது "புதிதாக வாங்கியதா?" என்று வரி கேட்க மாட்டார்கள். வாங்கிய பில்லும் கையில் இருக்கட்டும்.

கல்யாணம் நன்றாக நடந்தது. திரும்பும்போது கேமராவைவிடப் பெரிய சொத்து ஒன்று சேர்ந்துவிட்டது. அதுதான் படங்கள். கேமரா போனால் இன்னும் இரண்டு வளையலை வைத்தாவது வாங்கலாம். அந்தப் பெண் கழுத்தில் தாலி ஏறிய நிமிஷத்தை எந்தக் கடையில் வாங்குவது? அதனால் மகள் அன்று இரவே எல்லாவற்றையும் இன்னொரு கார்டில் பிரதி எடுத்தாள். ஒன்று அவள் பையில், மற்றொன்று என் சுருக்குப் பையில் வெற்றிலைப் பாக்கோடு. இருவர் பையும் ஒரே நேரத்தில் தொலையாதல்லவா?

கைக்குழந்தையோடு கிளம்பும் தாய்க்கு இதெல்லாம் புதுப் பாடமே இல்லை. பால் புட்டியையும் மருந்தையும் பெட்டியில் பூட்டி அனுப்புவோமா? மடியிலேயே வைத்துக்கொள்வோம். மறுபடி கிடைக்காதது எதுவோ அது நம் கையோடு. கடையில் கிடைப்பது பெட்டியோடு. இந்தக் கணக்குத் தெரிந்தால் எந்த விமானத்திலும் தைரியமாக ஏறலாம், சகோதரிகளே!